ஒருவரும் மௌத்தாகாத கதை

மருதமுனை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மர்ஷூதாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம், வாப்பாவின் முழங்கால் வலி மட்டும் கச்சான் காற்றோடு வந்திருக்கிறது, காற்றோடேயே போய்விடும் என்கிறார், நீயும் மருமகனும் அந்தத் தூர தேசத்தில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் உம்மா ஏன் கடதாசியும் பேனையும் எடுத்தாள் என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ இரண்டு சொல்லி முடித்துவிடுகிறாய், மிச்சத்துக்கு லைன் வெட்டுப்பட்டுவிடுகிறது. கடதாசியில் நீ குறுக்கே கதைக்க முடியாது, அதுதான் காரணம். எழுதி முடித்ததும் வாப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார், அந்த வேலையில் அவருக்கு இப்போது நல்ல கை வந்துவிட்டது, போன மாதம் எல்லாப் படத்திலும் அவருடைய பெருவிரல்தான் விழுந்தது.

போன கிழமை நீ சொன்ன விஷயம் எனக்கு நெஞ்சிலேயே நிற்கிறது மகள். லண்டனில் உன் புத்தகத்துக்கு வைத்த கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் எழும்பி, யுத்தமும் சுனாமியும் கண்ட ஊரிலிருந்து வந்த பிள்ளை பாண் விற்கிற ஓட்டோவுக்குப் பின்னால் ஓடுகிற கதையா எழுதுவது, இது என்ன சிரிப்புக் கதை என்று கேட்டாராம், நீயும் பதில் சொல்லாமல் வந்துவிட்டாயாம். இரண்டாவது புத்தகத்தைப் பாதியோடு நிறுத்திவிட்டேன் உம்மா, அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறதுதானே என்றாய். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்துச் சிரித்து வாசிக்க ஒரு புத்தகம், நான் அவ்வளவுக்குத்தான் ஆசைப்பட்டேன் என்று சொல்லும்போது உன் குரல் ஒரு மாதிரிப் போனது. அப்போதே உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்று வாய் வரைக்கும் வந்தது. உன் சாச்சாவின் படகு விஷயம். நீ கேட்டபோது இஞ்சின் பழுதாகிக் கொஞ்சம் பிந்தி வந்தார் என்று சொல்லி முடித்துவிட்டோம். அப்படி லேசாக முடிந்த விஷயம் இல்லை அது. தூரத்தில் இருக்கிற பிள்ளை, ஏன் அவளையும் சேர்த்துத் துடிக்க வைப்பது என்று வாப்பா தடுத்துவிட்டார். இப்போது எல்லோரும் வீட்டில் சுகமாக இருக்கிறார்கள், ஆனபடியால் பயப்படாமல் வாசி.

ஆகஸ்ட் விடுமுறை தொடங்கிய கிழமை அது. உன் சாச்சா ஸஹீத், ஆசியா மாமியின் ஒரே மகன் அஹ்ஸன், பாண்டிருப்புக் கேதீஸ்வரன், மூன்று பேரும் வழக்கம்போல பின்னேரம் அசருக்குப் பிறகு மீனுக்குப் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். விடியற்காலையில் மற்றப் படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன, இவர்களுடையதைக் காணவில்லை. கச்சான் காற்று உனக்குத் தெரியும்தானே, கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று, இஞ்சின் நின்றால் படகைத் திருப்பி விடாது, இன்னும் இன்னும் உள்ளுக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும். மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. நேவிக்கு அறிவித்தார்கள், மீனவர் சங்கத்துப் படகுகள் தேடிப் போயின, வாப்பா வெயிலில் கடற்கரையிலேயே நின்றார். நான் உன் சாச்சி மஸாஹிறாவின் வீட்டுக்கு ஓடினேன். ஆசியா மாமி எனக்கு முதல் வந்து தஸ்பீஹ் கோவையோடு சுவரோரம் இருந்தார். பின்னேரம் கேதீஸ்வரனின் பெண்சாதி வினோஜா தனியே பஸ் ஏறி வந்து இறங்கினாள். ஒரே படகில் போனவர்கள் அக்கா, நாங்களும் ஒரே இடத்தில் இருந்து பார்ப்போம் என்றாள். மஸாஹிறா எழும்பி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே பாயில்தான் இருந்தார்கள்.

அன்றைக்கு ஒரு மாதிரிச் சமாளித்தோம். அடுத்த நாளும் ஒரு செய்தியும் இல்லை. வீடு நிறையச் சனம். ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான், பிழை சொல்லக் கூடாது, ஆனால் வந்து இருந்ததும் அவரவருக்குத் தெரிந்த பழைய கதைகளை எடுத்தார்கள், இன்ன வருஷம் இன்னார் கடலில் மௌத்தாகித் திரும்பி வராமல் போனது, இன்னாருடைய படகு மட்டும் ஒதுங்கியது. இதையெல்லாம் மஸாஹிறாவின் சின்னவள் பஹ்மிதா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை. சோறு தீத்தினால் வாயைத் திறக்கவில்லை. என் காதுக்குள் வந்து, பெரியம்மா, கடலுக்கு அடியில் மூச்சு விடலாமா என்று கேட்டாள். நான் தலையைத் தடவிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன் மகள்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த மூத்தவள் றிப்னா எழும்பினாள். அவளுக்குப் பதினாறு வயது, இரண்டு நாளாக ஒரு வார்த்தை கதைக்கவில்லை. போய் அலுமாரியைத் திறந்து உன் புத்தகத்தை எடுத்து வந்தாள். அந்தப் புத்தகத்தை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது, தெருவிலுள்ள அத்தனை பொம்பிளைப் பிள்ளைகளின் கையிலும் போய் வந்து அட்டை கழன்று, ஒருத்தி பழைய கலண்டர் தாளில் உறை போட்டு, இன்னொருத்தி அதன் மேல் ‘பாண் ஓட்டோவின் பாட்டு’ என்று பச்சை மையால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். றிப்னா தங்கச்சியை அறைக்குள் கூட்டிப் போய் மடியில் இருத்திக்கொண்டு முதல் அத்தியாயத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். பேக்கரிப் பாணும் பணிஸும் விற்கத் தெருவுக்குத் தினமும் ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோ ஒரு காலையில் சத்தமில்லாமல் வருகிறது, பாட்டைக் களவெடுத்தது யார் என்று ஸம்ஹாவும் அவளுடைய மூன்று கூட்டாளிமாரும் சைக்கிளில் துப்பறியப் போகிறார்கள். நீ எழுதினதை உனக்கே நான் சொல்கிறேன் பார். முதலில் றிப்னாவுக்குச் சத்தமே வரவில்லை. ஸம்ஹா ஒளிந்து பார்க்கப் போய்ப் பாண் பெட்டிக்குள் அகப்பட்டு, பெட்டியோடு கல்முனை வரைக்கும் போய், உள்ளே இருந்த பணிஸ் எல்லாவற்றையும் பயத்தில் தின்று தீர்த்துவிட்டு, வாங்க வந்த மனிசி மூடியைத் திறந்ததும், பணிஸ் முடிஞ்சிது, சீனிச் சம்பல் பாண்தான் இரிக்கி என்று சொல்கிறாளே, அந்த இடத்தில் பஹ்மிதா சிரித்துவிட்டாள். சின்னச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் இருந்த அவ்வளவு சனமும் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

ஆசியா மாமி தஸ்பீஹோடு எழும்பி அறை வாசலுக்குப் போனார். அவருடைய கோபம் உனக்குத் தெரியும். “ஆம்புளையள் மூணு பேர் கடலுக்குள்ள கிடக்க, ஒங்களுக்கு இளிப்பு வருதாகா?” என்று கேட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன், றிப்னா புத்தகத்தை மூடிவிட்டு அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் மூடவில்லை. விரலை வரியில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்து, மரியாதை குறையாமல், “இந்தக் கதையில ஒருத்தரும் மௌத்தாக மாட்டாங்க மாமி. நான் கடைசி வரைக்கும் வாசிச்சிட்டன், எனக்கு நல்லாத் தெரியும். அதான் இத எடுத்தன்” என்றாள். மாமி திரும்பி வந்து பழைய இடத்தில் இருப்பார் என்று பார்த்தேன், அப்படியே வாசற்படியில் குந்திவிட்டார். றிப்னா இந்த முறை வெளியிலும் கேட்கிற மாதிரி, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். மஸாஹிறாவும் வினோஜாவும் பாயை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்கள். பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தவர்களும் வாயை மூடினார்கள். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் புத்தகத்தை மூடினாள், எல்லோரும் தொழுகைக்கு ஒழு எடுக்க எழும்பினார்கள். மாமி மட்டும் எழும்பாமல் இருந்து அவளிடம் மெதுவாக, “அந்தப் பாண்காரனுக்குப் பொறகு என்ன நடந்த?” என்று கேட்டார். றிப்னா, நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். மாமியிடம் அப்படிச் சொல்ல இந்த ஊரில் வேறு யாருக்குத் துணிச்சல் வரும்.

பிறகு அதுவே முறையாகிவிட்டது. காலையில் யாசீன் ஓதினோம், வினோஜா கண்ணை மூடிக்கொண்டு தன்னுடைய கும்பிடைக் கும்பிட்டாள், மத்தியானம் லுஹருக்குப் பிறகு றிப்னா வாசித்தாள். பஹ்மிதா கதை கேட்டுக்கொண்டே சோறு தின்றாள், அதைப் பார்த்து மஸாஹிறாவும் இரண்டு வாய் தின்றாள். ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். பக்கங்கள் குறையக் குறையப் பிள்ளை மெதுவாக வாசிக்கத் தொடங்கினாள். ஒரு வரியை வாசித்துவிட்டு நிற்பாள், தண்ணீர் குடிப்பாள், தங்கச்சிக்குப் படம் காட்டுவாள். எனக்கு விளங்கிவிட்டது, படகு வர முதல் கதை முடிந்துவிடக் கூடாது என்று இழுக்கிறாள். மாமிக்கும் விளங்கியிருக்க வேண்டும். கடைசி அத்தியாயம் வந்ததும் மாமி கையை நீட்டி நிறுத்தி, “எனக்குச் சரியா விளங்கல்ல மகள், முதல்ல இருந்து மறுகா வாசி” என்றார். ஊரில் எவரும் சொல்லி முடிக்க முதலே எல்லாம் விளங்குகிற மனிசி அவர். றிப்னா அவரை ஒரு பார்வை பார்த்தாள், ஓம் மாமி என்று சொல்லி முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் அழுதேன்.

இரண்டாம் முறை கதை பாண் பெட்டிக்குக் கிட்ட வரும்போது போன் அடித்தது. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து. ஆழ்கடலுக்குப் போய் வந்த பெரிய படகொன்று இவர்களைக் கண்டு கட்டி இழுத்து வந்திருக்கிறது. மூன்று பேரும் உயிரோடு, வெயிலில் தோல் உரிந்து, உதடு வெடித்து, ஆனால் உயிரோடு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை எழுத எனக்கு எழுத்துப் போதாது. மாமி சுஜூதில் விழுந்தவர் எழும்பவே இல்லை, வினோஜாதான் தூக்கிவிட்டாள்.

உன் சாச்சா வந்துவிட்டார்தான், ஆனால் முழுதாக வரவில்லை மகள். சோறு வைத்தால் தின்றார், கதைத்தால் ஓம் என்றார், மற்ற நேரமெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கடலில் என்ன நடந்ததென்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கிழமை வினோஜா கேதீஸ்வரனையும் கூட்டிக்கொண்டு ஒரு சட்டி தயிரோடு வந்தாள். வந்த காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டாள், பிறகு, கடைசி அத்தியாயம் வாசிக்கவில்லைதானே அக்கா என்றாள். அன்றைக்கு மாமியும் அஹ்ஸனும் வந்திருந்தார்கள். ஆம்பிளைகள் மூன்று பேருக்கும் கதை தெரியாது, ஆனபடியால் பொம்பிளைகள் நாங்கள் ஆளுக்கொரு துண்டாகச் சொன்னோம், மாமிதான் கூடச் சொன்னார், பாண்காரனைப் போலக் குரலை மாற்றியும் காட்டினார். பிறகு றிப்னா வாசித்தாள். பாண்காரன் பழைய பாட்டை நிறுத்திவிட்டுத் தானே பாடிப் பதிந்த பாட்டைப் போட வெட்கப்பட்டுத்தான் இத்தனை நாளும் சத்தமில்லாமல் வந்திருக்கிறான், கடைசியில் பிள்ளைகள் தைரியம் சொல்ல, அவன் ஒலிபெருக்கியைத் திறந்துவிட, அந்தக் குரலைக் கேட்டுத் தெருவிலுள்ள கோழியெல்லாம் கூட்டுக்குள் ஓடுகிறதே, அந்த இடம். சாச்சா சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாய் விட்டு. சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழத் தொடங்கினார். பெரிய ஆம்பிளை, பிள்ளைகளுக்கு முன்னால், சத்தம் வைத்து அழுதார். ஒருவரும் தடுக்கவில்லை. கேதீஸ்வரன் கிட்டப் போய் முதுகில் கை வைத்துக்கொண்டு இருந்தார், அவருக்கும் கண் நிறைந்துதான் இருந்தது. அன்று பின்னேரம்தான் சாச்சா முதல் முறையாகக் கடலில் நடந்ததைச் சொன்னார், தண்ணீரை எப்படிப் பங்கு போட்டார்கள், அஹ்ஸனை எப்படித் தூங்க விடாமல் கதைத்துக்கொண்டிருந்தார்கள் என்றெல்லாம்.

இப்போது சொல் மகள், சிரிப்புக் கதைதானே என்று அந்தப் பெரியவர் கேட்டதற்கு நீ பதில் இல்லாமல் வர வேண்டுமா? அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் எதையெல்லாம் கண்டவரோ. கனமான புத்தகங்கள் எழுதுகிறவர்கள் எழுதட்டும், அதுவும் வேண்டும்தான். ஆனால் அந்த இரண்டாம் நாள் என்னால் ஒரு பிள்ளைக்குச் சொல்ல முடியாமல் போன பதிலை ஐயாயிரம் மைல் தூரத்திலிருந்து நீ எழுதி அனுப்பியிருந்தாய். நம்முடைய வீட்டில் கதைக்கிற கதை அச்சில் இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உம்மா குறையே சொல்லாமல் புகழ்கிறாள் என்று நினைத்துவிடாதே, எட்டாம் அத்தியாயத்தில் அவ்வளவு பெரிய தட்டு வட்டிலப்பத்துக்கு மூன்று முட்டை போட்டிருக்கிறாய், அது இறுகாது, ஓடும், அடுத்த பதிப்பில் திருத்து. ஸம்ஹாவின் உம்மாவும் கொஞ்சம் அதிகமாகத்தான் ஏசுகிறாள், நான் அவ்வளவு ஏசியதில்லை.

பாதியில் வைத்ததை எடுத்து எழுது. தெருப் பிள்ளைகள் டிசம்பர் விடுமுறைக்கு வருமா என்று என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். உன் சாச்சா இப்போது திரும்பவும் தொழிலுக்குப் போகிறார், போகும்போது வாசலில் நின்று, “அடுத்த புத்தகத்துல அந்தப் புள்ளையளக் கடலுக்கு மட்டும் அனுப்ப வேணாமெண்டு மகள்கிட்டச் சொல்லுங்க ராத்தா, தரையில எங்க வேணுமெண்டாலும் ஓடட்டும்” என்றார். சொல்லிவிட்டேன்.

அல்லாஹ் உன் கையிலும் அறிவிலும் பரக்கத் செய்வானாக, உன்னையும் மருமகனையும் எந்தக் கெடுதியும் அண்டாமல் காப்பானாக. டொக்டர் தந்த இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காகப் போடு, தேத்தண்ணியோடு போடாதே, வயிறு காய இருந்து எழுதாதே. மாமிக்கு ஒரு சலாம் தனியாகச் சொல்லி அனுப்பு, அவர் கேட்க மாட்டார், ஆனால் பார்த்துக்கொண்டிருப்பார்.

உனக்காக என்றும் துஆச் செய்யும்
உம்மா,
கைருன்னிஸா மக்கீன்.