வேறு கோர்ட்டு வேண்டுமா என்ற கேள்வி

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. இத்தனை நாளும் எழுதத் தோன்றவில்லை. இன்று பயத்தில் எழுதுகிறேன். வீட்டில் சொல்லலாம் என்றால், அம்மாவும் அண்ணனும் என்னைவிடப் பயந்துபோயிருக்கிறார்கள்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அண்ணன் அக்கரையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தான். ரேஷனில் கிடைப்பது போதவில்லை என்று மாமா ஒரு மூட்டை நெல் கொடுத்தார். கொள்ளிடத்தில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். மூட்டையை மாட்டின் முதுகில் போட்டு ஓட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். அக்கரை தஞ்சாவூர் ஜில்லா, இக்கரை திருச்சி ஜில்லா; பர்மிட் இல்லாமல் நெல் ஆற்றைத் தாண்டக்கூடாது. அது அவனுக்குத் தெரியும். ஊரே கொண்டுவருகிறது என்பதும் தெரியும். அன்றைக்குப் பார்த்து அரியலூர் டிவிஷன் அதிகாரி திருமழபாடிக்கு முகாம் வந்திருந்தார். கரையில் நின்று அவரே கையை நீட்டி நிறுத்தினார்.

பிடித்தவர் அவர். விசாரிக்கப்போகிற மாஜிஸ்திரேட்டும் அவர். நம் நிலத்தை உங்கள் பெயரிலிருந்து அண்ணன் பெயருக்கு மாற்றக் கேட்ட பட்டா மனுவும் அவர் மேஜையில்தான். இப்படிப்பட்ட மேஜைகளுக்குப் பக்கத்தில் இருபது வருஷம் உட்கார்ந்து எழுதிய உங்களுக்கு இது விசித்திரமாகப் படாது. எனக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை.

அந்தக் கேள்வி நினைவிருக்கிறதா, அப்பா? மாஜிஸ்திரேட் தானே கண்ணால் கண்டு எடுத்த வழக்கென்றால், சாட்சி விசாரிக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘இந்த வழக்கை வேறு கோர்ட்டில் விசாரிக்கும்படி கேட்க உனக்கு உரிமை உண்டு. கேட்கிறாயா?’ அதைப் படிப்பது கோர்ட்டுக் குமாஸ்தாவான உங்கள் வேலை. எனக்குப் பன்னிரண்டு வயதில், உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே நின்ற அன்று நீங்கள் படிப்பதைக் கேட்டேன். பெயர், ஊர், குற்றம் எல்லாவற்றையும் கணீரென்று படித்தீர்கள். இந்த இடத்துக்கு வந்ததும் உங்கள் குரல் தொண்டைக்குள் போய்விட்டது. எதிரே நின்ற மனிதர் என்ன ஏதென்று தெரியாமல் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் என்று கேட்டேன். “படிச்சாச்சுன்னு எழுதிட்டாப் போதும்மா. அவன் பாட்டுக்கு வேணும்னு சொல்லிட்டான்னா, அப்பறம் அய்யா கையெழுத்துப் போடற கெணத்துக் கடன அவன் வூட்டுக்கு யாரு குடுப்பா?” என்றீர்கள். அந்த ஏழைகள் மீது இரக்கப்பட்டா குரலைத் தாழ்த்தினீர்கள்? அல்லது நீங்களும் பயந்தீர்களா? கேட்க எனக்கு ஒன்பது மாதத்துக்கு முன்புவரை நேரம் இருந்தது. கேட்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் அண்ணனை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். “வேறு கோர்ட்டு வேணும்னு சொல்லு.”

“சொன்னா என்னாவும்?”

“தெரியாது. சொல்லலைன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?”

முகாமில் அதிகாரி தங்கும் பங்களாவின் கூடம்தான் கோர்ட்டு. அம்மாவும் நானும் வராந்தாவில் நின்றோம். புதுக் குமாஸ்தாவும் அந்தக் கேள்வியை உங்கள் மாதிரியே முணுமுணுத்தார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வேற கோர்ட்டுலயே விசாரிக்கட்டுங்கய்யா” என்றான்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “ஏன், எம்மேல நம்பிக்கை இல்லையா?”

“அப்படி இல்லீங்கய்யா. புடிச்சதும் நீங்கதானுங்களே.”

யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். அதிகாரி கோபப்படவில்லை. “சரி, உன் இஷ்டம்” என்று எழுதினார். அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. வெளியே வந்தபோது உங்கள் கோர்ட்டு வாசலில் பெயர் கூப்பிடும் பழைய டபேதார் என்னிடம், “ஒங்கப்பா படிச்ச காலத்துல ஒருத்தன் காதுலயும் விழுந்ததில்லம்மா. ஒங்க அண்ணனுக்கு மட்டும் எப்படி விழுந்துச்சு?” என்றார். கேலியா, எச்சரிக்கையா தெரியவில்லை.

வழக்கு பெரம்பலூர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. வேறு கோர்ட்டுத்தான். ஆனால் அந்த மாஜிஸ்திரேட் எப்படி வேலை பார்க்கிறார் என்று வருஷாவருஷம் மேலே எழுதி அனுப்புகிறவர் நம் அதிகாரி. இது எனக்கு முன்பே தெரியாமல் போயிற்று. நீங்கள் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

நாலு நாள் கழித்து ஊர் நிலக் கணக்கு எழுதும் கர்ணம் வந்தார். “பட்டா மனுவ மறுபடி விசாரிக்கச் சொல்லிக் காயிதம் வந்திருக்கு. ஒண்ணும் பயப்படாதீங்க” என்றார். பயப்படாதீங்க என்று அவர் சொன்னபிறகு அம்மா விளக்கேற்றக்கூட எழுந்திருக்கவில்லை.

டெல்லியில் நம் தேசத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதுகிறார்கள். நிர்வாகம் செய்கிறவர் வேறு, நியாயம் விசாரிக்கிறவர் வேறு என்று பிரிக்கவேண்டும் எனப் பேசுகிறார்களாம். பத்திரிகையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “டெல்லியில பிரிக்கட்டும்டி. நம்ம பட்டா அரியலூர்ல இருக்கு” என்றாள்.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை, அப்பா. பட்டாவை வேண்டுமென்றே நிறுத்தினார் என்று சொல்ல என்னிடம் சாட்சியும் இல்லை. மறு விசாரணை இயல்பாகவே வந்திருக்கலாம். எது இயல்பு, எது கோபம் என்று தெரியாமலே நாங்கள் நடுங்குகிறோமே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவரே மாற்றலாகிப் போனாலும் அந்த நாற்காலி இங்கேதான் இருக்கும். அடுத்து வருகிறவர் எப்படிப்பட்டவரோ?

முந்தாநாள் அண்ணன் காகிதமும் மைக்கூடும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். “நீயே எழுதிக் குடு. தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க, அய்யாவே விசாரிக்கட்டும்னு. ஒன் கையெழுத்து நல்லாருக்கும்.”

“எழுத மாட்டேன்.”

“ஜெயிலுக்குப் போறது நானு. நீ பொஸ்தகம் படிச்சிட்டு உக்காந்திருப்ப.”

அவன் சொன்னது நிஜம். சொல்லிக்கொடுத்தவள் நான், நிற்கப்போகிறவன் அவன். அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே எழுதிவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். ‘கனம் பொருந்திய’ என்று தொடங்கியும்விட்டேன். அப்புறம் அவனிடம் சொன்னேன்: “நெல் கொண்டுவந்தது தப்புன்னா அதுக்குத் தண்டனை வரட்டும். அவங்க கேட்டாங்க, நீ பதில் சொன்ன. அதுக்கு எதுக்கு மன்னிப்பு? இதுக்கு ஒரு தடவை எழுதிட்டா, இனிமே எதுக்கெல்லாம் எழுதணும்?”

எழுந்து போய்விட்டான். ஒன்றரை நாள் என்னோடு பேச்சில்லை. இன்று காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டான்: “பெரம்பலூர் பஸ்ஸு எத்தனை மணிக்கு?”

சொன்னேன்.

“வர்றதுன்னா வா. அங்க வந்து வாயத் தொறக்காத.”

அப்பா, பயப்படமாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அவனுக்கு விடுதலை கிடைக்குமா, நிலம் நம் கையில் நிற்குமா, தெரியாது. ஆனால் வியாழக்கிழமை பெரம்பலூர் விசாரணைக்கு அவனைத் தனியாக அனுப்பமாட்டேன். தீர்ப்பு எதுவானாலும், அது சொல்லப்படும்போது அவன் திரும்பிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நான் நிற்பேன். அந்த மன்னிப்பு மனுவை என் கையால் எழுதவும் மாட்டேன். இந்த இரண்டுக்கும் வாக்குத் தருகிறேன்.

உங்களிடம் கேட்காமல் விட்டதற்கு வருந்தும்,
உங்கள் மகள்
மரகதம்