அவன் முறை, அவள் முறை

செப்டம்பர் 2, செவ்வாய்

உறுதியான செய்தி: லிட்மஸுக்குக் கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது. சொன்னது அவள் மகள், காலையில், தொலைபேசியில். மகள் பல் டாக்டர். ஸ்கேன் அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறாள். தவறாகப் புரிந்துகொண்டிருக்க வாய்ப்பில்லை.

“எவ்வளவு நாள்?” என்று கேட்டுவிட்டேன். நிருபராகவே காலம் கழித்தவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“வருஷக் கணக்கு இல்ல பெரியம்மா. மாசக் கணக்குதான்.”

லிட்மஸ் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. எதற்கெடுத்தாலும் முகம் சிவந்துவிடுவதால் எங்கள் வேதியியல் வகுப்பு வைத்த பெயர். பிறகு அதே வேதியியலைப் பள்ளிக்கூடத்தில் கற்பித்து ஓய்வு பெற்றாள். பேத்தி கல்லூரிக்குப் போகிறாள். எங்களுக்கு அவள் இன்னும் லிட்மஸ்தான்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைத்தேன். மறுபடி பால் வைக்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

அவள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. கூடத்து ஜன்னல் பக்கமாகக் கட்டிலை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. கண்ணில் மஞ்சள்.

“என்னடி அப்படிப் பாக்கறே? லிட்மஸ் மஞ்சளாச்சுன்னு தலைப்புப் போடப் போறியா?”

அவள்தான் சிரித்தாள். எனக்கு வரவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நவம்பரில் நடக்கும் வகுப்புச் சந்திப்புக்கு அவள் வர வேண்டும். “இந்தத் தடவை அவன் முறைன்னு தெரியும். ஆனா எனக்கு அடுத்த முறைன்னு ஒண்ணு இல்லையே.”

அவன் என்றால் நெட்டை. அவனும் எங்கள் வகுப்பு. அவளைக் கல்யாணம் செய்துகொண்டு, மகள் ஏழாவது படிக்கும்போது பிரிந்தவன். பிரிந்த பிறகு வந்த முதல் சந்திப்பில் அவனைப் பார்த்ததும் இவள் சாப்பிடாமலே கிளம்பிப் போனாள். அதற்கப்புறம் ஒரு தடவை அவன், ஒரு தடவை அவள் என்று ஆகிவிட்டது. சந்திப்பு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. மகள் கல்யாணத்தில் மட்டும் ஒரே மண்டபம், இரண்டு மூலை. வாட்ஸப் வந்தபோது குழுவும் இரண்டாயிற்று. ஒன்றில் அவன் இல்லை, மற்றதில் அவள் இல்லை. எதுவானாலும் மானிட்டர் இரண்டு தடவை போடுவான். அன்றைக்கு வகுப்புத் தலைவன் அவன். வங்கி மேலாளராகி ஓய்வும் பெற்றுவிட்டான், தலைமைப் பொறுப்பை மட்டும் இன்னும் விடவில்லை.

“நெட்டைகிட்ட நீயே கேளு. காரணத்தை மட்டும் சொல்லிடாதே. சீக்காளின்னு விட்டுக்கொடுத்தா நான் வரமாட்டேன். மத்தவங்களுக்குத் தெரியட்டும், பரவால்ல. அவனுக்குக் கூடாது.”

சரி என்றேன். காரணம் சொல்லாமல் எப்படிக் கேட்பது?

செப்டம்பர் 7, ஞாயிறு

நெட்டையிடம் பேசினேன். குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

“இந்தத் தடவை அவ வந்துட்டுப் போகட்டுமே?”

“ஏன்?”

“ஆசைப்படறா.”

“எனக்கு ஆசை இருக்காதா? என்னோட போன முறை வந்தப்ப முட்டி ஆபரேஷன்ல படுத்துட்டேன். உங்களையெல்லாம் ஒண்ணாப் பாத்துப் பன்னண்டு வருஷமாச்சு. மாத்தி மாத்தி வரணும்கறது அவ போட்ட கண்டிஷன். நான் மூச்சு விடாம ஒத்துக்கிட்டேன். இப்ப அவளே மாத்தச் சொன்னா என்ன நியாயம்?”

முட்டி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“ரிப்போர்ட்டர், நீ எதையோ மறைக்கறே. உனக்கு அது வராது, விட்டுடு.”

கோபமாகப் பேசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். நியாயமாகப் பேசினான்.

செப்டம்பர் 8, திங்கள்

இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள். இன்றைக்கு எழுத இதற்கு மேல் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மானிட்டர் கவிழ்த்துவிட்டான். லிட்மஸ் விஷயத்தை நெட்டை இல்லாத குழுவில் மட்டும் போடு என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். போட்டான். பத்து வருஷப் பழக்கம், அதே கையோடு மற்றக் குழுவிலும் போட்டுவிட்டான்.

“கை தன்னால போயிடுச்சு! உடனே அழிச்சிட்டேன்!”

“அவன் பாத்துட்டானா?”

“…நீல டிக் விழுந்துடுச்சு.”

“ஏன்டா, நீயெல்லாம் ஒரு பேங்கை எப்படிடா நடத்தினே?”

மத்தியானம் நெட்டை அழைத்தான். பின்னால் குழாயில் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. அதை நிறுத்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லை போல.

“நான் வரல. அவ வரட்டும்” என்றான். அப்புறம், “சாப்பிட முடியுதா அவளால?”

“தண்ணியா ஏதாவது குடுத்தா இறங்குது.”

“மாத்திரை முழுங்கவே தெரியாது அவளுக்கு. பொடி பண்ணித் தேன்ல கலந்து குடுக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே.”

செப்டம்பர் 13, சனி

அழித்த செய்தி எது, எந்தக் குழுவில் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வகுப்பில் ரகசியம் தங்கிய சரித்திரம் கிடையாது. நான் போனபோது மஞ்சளையும் மீறி முகம் சிவந்திருந்தது.

“பிச்சை போடறானா? எனக்கு வேண்டாம்னு சொல்லிடு. அவன் முறையை அவனே வச்சுக்கட்டும்.”

“பிச்சை இல்லடி, அவன் நிஜமாவே…”

“நீ யார் பக்கம்?” என்றாள். மூச்சு வாங்கியது. “இத்தனை வருஷம் அவன் போட்ட கண்டிஷனுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தேனே, அது போதாதா அவனுக்கு?”

இறங்கி வந்து லிஃப்ட் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவன் போட்ட கண்டிஷனா? அவள் போட்டது என்றல்லவா ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னான்?

செப்டம்பர் 14, ஞாயிறு

இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். இது மற்றவர் போட்ட நிபந்தனை என்று உனக்கு யார் சொன்னது? இருவர் பதிலும் ஒன்றுதான்: மானிட்டர்.

நேரில் போனேன். மானிட்டர் மின்விசிறியைக் கழற்றி, இறக்கைகளைத் தரையில் பரப்பி, நடுவில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தான்.

“மாத்தி மாத்தி வரணும்னு முதல்ல கேட்டது யாரு? அவனா, அவளா?”

யோசித்தான். துணியைக் கீழே வைத்தான்.

“யாரும் கேக்கலை” என்றான். “அன்னிக்கு அவ சாப்பிடாம போனா. அவன் வாசல் வரைக்கும் போய் நின்னுட்டு வந்தான். எனக்கு மனசு கேக்கலை. அவ சங்கடப்படறா, மாத்தி மாத்தி வாங்களேன்னு அவன்கிட்ட சொன்னேன். அவகிட்டயும் அப்படியே சொன்னேன், அவன் சங்கடப்படறான்னு. ரெண்டு பேரும் உடனே சரின்னுட்டாங்க. பிரச்சினை தீந்துதுன்னு நினைச்சேன்.”

அவன் மனைவி காபி டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“நான் பண்ணினது தப்பா?” என்றான். நல்லதென்று நினைத்துச் செய்தவன். கை முழுக்கத் தூசியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்று கேட்பதே என் பிழைப்பாக இருந்தது. இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சொல்லிவிட்டேன், இருவரிடமும்.

நெட்டை: “அப்ப அவ என்னை வர வேண்டாம்னு சொல்லவே இல்லையா?”

“இல்லை.”

“ஒரு தடவைகூடவா?”

“இல்லைப்பா.”

போனை வைத்துவிட்டான்.

லிட்மஸ் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அன்றைக்கு ஏன் சாப்பிடாமல் போனாய் என்று கேட்டேன். முதல் தடவையாகக் கேட்கிறேன்.

“பக்கத்துல ஒரு நாற்காலியைக் காலியா வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்டி. ரெண்டு பேர் வந்து கேட்டாங்க, குடுக்கலை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா போய் உக்காந்துடுவேனோன்னு பயமாயிடுச்சு. அதான் ஓடிட்டேன்.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அவனையும் வரச் சொல்லு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வரக் கூடாது. ஒழுங்கா ஷேவ் பண்ணிட்டு வரச் சொல்லு” என்றாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம் என்று அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், மகளிடம் சொல்லியிருக்கிறார். சந்திப்பை அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இழுத்தாயிற்று. இடமும் மாறியது. படி இல்லாத கூடம், சக்கர நாற்காலி போகிற அகலத்தில் கதவு. மானிட்டர் டேப்பால் அளந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தான்.

குழுக்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டான். எல்லோரும் வந்து கும்பிடு போட்டார்கள். நெட்டையும் லிட்மஸும் மட்டும் போடவில்லை. மாலையில் லிட்மஸ் ஒரே ஒரு சொல் எழுதினாள்:

“ஷேவ்?”

நெட்டை: “ஆச்சு.”

அவ்வளவுதான். பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. கலைக்க மனம் வரவில்லை போலும்.

செப்டம்பர் 27, சனி

சந்திப்பில் படிக்க வகுப்புச் செய்திகளைத் தொகுத்துத் தரச் சொன்னான் மானிட்டர். ஒவ்வொருவரையும் அழைத்துச் சரிபார்த்து எழுதினேன். இருவருக்குக் கண்புரை அறுவை முடிந்தது. கட்டட ஒப்பந்தக்காரருக்கு மூன்றாவது பேரன். மருந்துக்கடைக்காரன் இந்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் வேலையாகச் தன் வீட்டு வாசல் கேட்டையே இடித்திருக்கிறான். போன சந்திப்புக்குப் பிறகு நான்கு பேர் இல்லை.

லிட்மஸ் பற்றி என்ன எழுதுவது என்று அவளையே கேட்டேன். “வந்திருந்தாள்னு போடு” என்றாள்.

நடந்த பிறகு போடுகிறேன் என்றேன். தொழில் புத்தி. சொல்லியிருக்க வேண்டாம்.

அக்டோபர் 4, சனி

நாற்காலியில் உட்கார்ந்து பழகுகிறாள். முதல் நாள் முதுகு தாங்கவில்லை. இன்று மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காபி ஆறுகிற நேரம்வரை உட்கார்ந்தாள். எந்த உடுப்பை எடுத்தாலும் தொளதொளவென்று நிற்கிறது. மகள் ஊசி குத்திக் குத்திச் சரிசெய்தாள்.

“சாப்பாட்டு நேரம் வரைக்கும் தாங்கினா போதும்” என்றாள் லிட்மஸ். “இந்தத் தடவை சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பணும். சாப்பிட முடியாட்டியும் இலைக்கு முன்னாடியாவது உக்காரணும்.”

அக்டோபர் 9, வியாழன்

குளிர் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். சொன்னது மகள், போகிற வழியில்.

அக்டோபர் 10, வெள்ளி

ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு. மூச்சுக்குக் குழாய் போட்டு மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

சந்திப்பைத் தள்ளி வைக்கட்டுமா என்று மானிட்டர் குழுவில் கேட்டான். இதற்கு என்ன பதில் எழுதுவது!

நெட்டை என்னை அழைத்தான். “நான் போய்ப் பாக்கலாமா? அவகிட்ட கேட்டுச் சொல்றியா?” என்றவன், கேட்டபிறகுதான் தான் கேட்டது என்னவென்று உணர்ந்தான் போல. நிறுத்திவிட்டான். ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் இருந்த மகளிடம் போனைக் கொடுத்தேன்.

“அப்பா, யார்கிட்டயும் கேக்க வேண்டாம். கிளம்பி வாங்க.”

அக்டோபர் 11, சனி

நெட்டை காலையில் வந்தான். காத்திருக்கும் கூடத்தில் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள், தரையோடு அடித்து வைத்தவை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஏழெட்டு பேர் வகுப்பிலிருந்தே வந்திருந்தார்கள். மானிட்டர் அவன் அருகே வரத் தயங்கித் தூண் ஓரமாகவே நின்றான். நெட்டைதான் எழுந்து போனான். “ஏன்டா இங்க நிக்கறே, வந்து உக்காரு” என்று கையைப் பிடித்து அழைத்து வந்தான்.

பார்வை நேரத்தில் மகளோடு உள்ளே போனான். கதவுக் கண்ணாடி வழியாக அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. உயரமான ஆள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாகக் குனிந்திருந்தான். என்ன சொன்னான் என்று தெரியாது. வெளியே வந்த பிறகு கேட்கவில்லை.

கிடைத்த தகவல்கள் இரண்டு. நர்ஸ் சொன்னது: அவன் பேசியபோது நோயாளியின் விரல் அசைந்தது, தானே பார்த்தார். மகள் சொன்னது: “எனக்கு அப்படித் தெரியல பெரியம்மா. ஊசி குத்தின கை, தானாவே துடிக்கும்.” எது சரி என்று உறுதிசெய்ய முடியவில்லை.

நாளை நடக்கவிருந்த சந்திப்பு ஒத்திவைக்கப்பட்டது. புதிய தேதி இல்லை.

மயக்க மருந்தை நாளைக் காலை குறைத்துப் பார்ப்பார்கள். கண் திறப்பாளா, பக்கத்தில் நிற்பவர்களை அடையாளம் தெரியுமா என்பதெல்லாம் பத்து மணிக்கு மேல்தான் சொல்ல முடியும். சொன்னது பணியிலிருக்கும் டாக்டர், நேரில். வீட்டுக்குப் போய்விட்டு விடிந்ததும் வாருங்கள் என்று எங்களிடம் சொன்னார். மற்றவர்கள் கிளம்பினோம். நெட்டை போகவில்லை.