கம்பியில் மாட்டாத கொக்கி

அப்பா,

பழைய ஃபேனைக் கழற்றி இறக்கியதும் அறை முழுக்க ஒரு நாற்றம் எழுந்தது. இறக்கைகளின் மேல்பக்கம் பூனை மயிர் போலக் கருப்பாக அழுக்கு படிந்திருந்தது. தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கோடு விரலில் ஒட்டிக்கொண்டது, சோப்பு போட்டும் போகவில்லை. மோட்டார் மூடியில் பல்லி எச்சமும் காய்ந்துபோன பூச்சிகளும். இத்தனை நாளும் இதன் அடியில்தான் என் ஐந்து மாதப் பெண்ணைக் கிடத்தியிருந்தேன் என்று நினைத்ததும் அருவருப்பாக இருந்தது. எலக்ட்ரீஷியன் அவளுடைய பாயைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு ஏணியை விரித்தார். பாயைச் சுருட்டிக்கொண்டுபோய்த் துவைக்கிற கல்லில் போட்டேன். அந்த அருவருப்பு கடைசியில் உங்களிடம் வந்து நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதற்கு முதல் நாள் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஃபேன் எடுக்கப் போயிருந்தோம். கடைக்காரர் வேகம், ரிமோட், கரண்ட் மிச்சம் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். என்னிடம் கேட்டது கலர் மட்டும்தான். நான் எடை எவ்வளவு என்று கேட்டேன்.

"தூக்கினு நடக்கவா போறீங்க மேடம், மேலதானே தொங்கப் போவுது."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். இருக்கிறதிலேயே எடை குறைந்ததாக ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். நான் ஏன் எடை கேட்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த வீடு கடலோரத்துக் குருசுக்குப்பத்தை ஒட்டி இருக்கிறது. கடற்காற்றில் பூட்டுகூடச் சில மாதத்தில் துருப்பிடித்துவிடும். அறையில் ஒரே ஒரு கொக்கி. என் மாமியார் ஒரு பழைய புடவையை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஃபேனை அப்புறம் மாட்டிக்கலாம், அந்தக் கொக்கியில தூளியைக் கட்டிடலாம். எம் புள்ளைங்க ரெண்டும் அப்படித்தான் வளந்துச்சுங்க."

"வேணாம் அத்தை."

"இன்னாம்மா, எல்லாத்துக்கும் இப்படி பயந்தா எப்படி?"

"இவ தம்பி கதை உனக்குத் தெரியாதாம்மா?" என்றார் என் வீட்டுக்காரர், சிரித்துக்கொண்டே.

அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். நெல்லித்தோப்பில் நம் வீட்டுச் சின்ன அறைக்குத் தளம் போட்டபோது கொக்கி வைக்க மறந்துவிட்டீர்கள். பிறகு ஒரு நாள் மில்லிலிருந்து வந்து, உளியை எடுத்து நீங்களே ஓட்டை போட்டீர்கள். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றாள் அம்மா. "ஒரு கொக்கிக்குக் கொத்தனாரா? நான் போட்டா மாட்டைக் கட்டுனாலும் தாங்கும்" என்றீர்கள். தம்பி பிறந்ததும் ஃபேனை இறக்கிவிட்டு அந்தக் கொக்கியில் தூளி கட்டினீர்கள். எனக்கு எட்டு வயது. பள்ளி விட்டு வந்தால் அவனை ஆட்டுவது என் வேலை. ஒரு சாயங்காலம் கொக்கி ஒரு பிடி சிமெண்டோடு கீழே வந்தது. அவன் புருவத்தில் மூன்று தையல்.

நீங்கள் வந்து முதலில் மேலே பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"எவ்ளோ வேகமா ஆட்டியிருந்தா கொக்கியே புடுங்கினு வரும்?"

"மெதுவாத்தான் ஆட்டுனேன்ப்பா."

"பொய் சொல்லாத."

அதற்குப் பிறகு என் பேச்சு எடுபடவில்லை. நாளாக நாளாக நானே அதை நம்பிவிட்டேன். போன மாதம் என் பெண்ணுக்குப் பெயர் வைத்துத் தொட்டிலில் போட்டபோது அத்தை, உங்கள் தங்கை, சபையில் சொன்னாள்: "இவளை ஆட்ட விடாதீங்க, தம்பியையே தள்ளுனவ." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

எலக்ட்ரீஷியன் ஏணிமேல் நின்று கொக்கியைப் பிடித்துத் திருகினார். அது சுற்றியது.

"இது கம்பியில மாட்டலக்கா. சும்மா ஓட்டை போட்டு சிமெண்ட அடைச்சி வச்சிருக்காங்க. உப்புக்காத்து வேற. இத்தினி நாள் ஃபேன் விழாம இருந்ததே பெருசு."

"ஒரு சின்னப் பொண்ணு தூளியை வேகமா ஆட்டுனா கொக்கி வந்துடுமா?" என்று கேட்டேன்.

"தளத்துக் கம்பியில மாட்டியிருந்தா நாலு பேர் தொங்குனாலும் வராது. மாட்டலன்னா ஆட்டவே வேணாம்க்கா, அதுவா வரும்."

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. தம்பிக்குத் தையல் பிரித்த வாரம் நான் பள்ளி விட்டு வந்தபோது, வாசல் குழாயில் ஒரு கொத்தனார் கரண்டி கழுவிக்கொண்டிருந்தார். நீங்கள் அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தீர்கள். சின்ன அறையில் தளத்தை அகலமாக உடைத்து, கம்பியில் மாட்டிப் பூசியிருந்தது. புதுக் கொக்கி.

அப்படியென்றால் தப்பு கொக்கியில்தான் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, வருகிறவர்களிடமெல்லாம் என் தலையைத் தடவியபடி, "எம் பொண்ணு கை அப்படி" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்தத் தடவல்தான் இன்றைக்கு மற்ற எதையும்விட அதிகமாக அருவருக்கிறது. காலேஜ் பஸ் வரும்வரை தினமும் மழையிலும் என்னோடு நின்றவரும் நீங்கள்தான். வேறு யாராவது என்றால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

தம்பிக்கு போன் செய்து சொன்னேன்.

"அப்பா போயி ரெண்டு வருஷம் ஆவுதுக்கா. இப்ப போயி இன்னாத்துக்கு இதெல்லாம்?"

"இனிமே அந்தக் கதையை யார்கிட்டயும் சொல்லாத."

"தழும்பு என்னுதுக்கா" என்றான், கேலியாக.

"பழி என்னுதுடா" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

தளத்தை உடைத்து, கம்பியில் இரண்டு கொக்கிகள் மாட்டச் சொன்னேன். ஃபேனுக்கு ஒன்று, தள்ளி மூலையில் தூளிக்கு ஒன்று. சிமெண்ட் இறுகும்வரை இரண்டு நாள் விட்டு, என் வீட்டுக்காரரைத் தூளிக் கொக்கியில் கயிறு கட்டித் தொங்கச் சொன்னேன். "ஊர்ல இல்லாத புள்ளைய பெத்துட்டா" என்று மாமியார் முகத்தைச் சுளித்தார். என் வீட்டுக்காரர் தொங்கினார். கொக்கி அசையவில்லை.

இப்போது புது ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுகிறது. அவர் தூளியை வீசி ஆட்டினால் என் பெண் கெக்கெக்கென்று சிரிக்கிறாள். பிறகு என் முறை வருகிறது. என் தப்பில்லை என்று எனக்குத் தெரியும், கொக்கி தாங்கும் என்றும் தெரியும். ஆனால் தூளி ஒரு சாண் நகர்ந்ததும் கை தானாக நின்றுவிடுகிறது. அவளுக்கு அது போதவில்லை. புடவைக்குள்ளிருந்து உதைக்கிறாள், சிணுங்குகிறாள். என் கை அதற்கு மேல் போக மாட்டேன் என்கிறது, அப்பா.