பெற்றவள் யார் என்று கேட்டார்கள்

சென்ட் லோரன்ட், மொன்றியல்
ஆவணி 9, 1987

அன்புள்ள மகன் தேவதாசனுக்கு,

நானும் அக்கா யோகராணியும் சுகம். உன் கடிதமும் கல்யாணப் படமும் வெள்ளிக்கிழமை கிடைத்தன. எழுத்துப்பிழை மலிந்திருக்கிறது. கன்னியர்மடத்தில் படித்தவளின் மகன் இப்படி எழுதக்கூடாது.

ஊர்வலத்தைப் பற்றி நீ எழுதியதைப் பலமுறை வாசித்தேன். நீண்ட மேளம் முழங்க, வாழைக்கன்றும் கரும்பும் ஏந்திய உன் தோழர்கள் ஆடிக்கொண்டு போக, பாங்கொக் வெயிலில் பட்டுச் சட்டை நனைய நடந்திருக்கிறாய். தாய்லாந்து முறைப்படி பெண் வீட்டு வாசலில் குமரிகள் பொன்சங்கிலியைக் குறுக்கே பிடித்து மறித்தார்களாம். உறையில் காசு வைத்துக் கொடுத்தால்தான் வழியாம். நல்ல பகிடி.

உனக்கு முன்னால் வெற்றிலைத் தட்டேந்தி நடந்த இலட்சுமிப்பிள்ளையைப் பார்க்கத்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளிநாடு அனுப்புவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் நடுவழியில் கைவிட்ட நம் பிள்ளைகளுக்கு அவர் அங்கே சோறு சமைத்துப் போடுகிறார் என்பது தெரியும். நல்ல மனுசிதான். ஆனாலும் படத்தில் அந்த நிமிர்வு என்ன? அக்கா வேறு, "அவ உங்களைவிட வடிவாச் சேலை கட்டியிருக்கிறா, அம்மா" என்கிறாள். டோர்வல் விமான நிலையத்தில் நாள் முழுக்க விமானச் சாப்பாடு அடுக்கிவிட்டு வந்தும் அவளுக்கு வாய் ஓயவில்லை. கொசுவம் கோணல் என்று காட்டிய பிறகுதான் அடங்கினாள்.

புறப்படுமுன் பெண்ணின் மாமா, தட்டை ஏந்த வேண்டும், மாப்பிள்ளையைப் பெற்றவள் யார் என்று கேட்டாராம். "நான்தான், இவன் என்ர பிள்ளை" என்றாராம் இலட்சுமிப்பிள்ளை. பிறகு, தான் தாலியறுத்தவள், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று பின்வாங்கினாராம். அதற்கு மாமா, அதனால் என்ன, தாய் தாய்தானே, முன்னால் நடக்கட்டும் என்றாராம். இதை நீ எழுதாமல் விட்டிருக்கலாம்.

என் அகதிக் கேஸ் முடியவில்லை; இந்த நாட்டைவிட்டு வெளியேறினால் திரும்ப வரமுடியாது. உன் கல்யாணத்துக்கு வராத கவலையை ஒரே ஒரு நினைப்பால்தான் ஆற்றிக்கொண்டிருந்தேன்: போனாலும் விதவை நான், மூலையில்தானே நிற்பேன். அங்கே என்னை முன்னால் நடக்க விட்டிருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. அந்த இடத்தில் இன்னொருத்தி நடந்திருக்கிறார். நீ பேசாமல் நின்றிருக்கிறாய். நல்ல நேரத்தில் குழப்பம் வேண்டாம் என்று நினைத்தாயாம்.

அவருக்கு நன்றி எழுதச் சொன்னாய். தாள் தாளாகக் கிழித்ததுதான் மிச்சம். நீயே சொல்லிவிடு.

மருமகளுக்குக் குளிர்ச்சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். மெல்லிய பிள்ளை, இங்கத்தைக் குளிர் தாங்காது. அவளை முகம் கோணாமல் வைத்திரு. இருவரும் நீடூழி வாழ்க.

நீங்கள் வந்திறங்கும்போது குடிவரவு அதிகாரி உன் தாய் யார் என்று கேட்பான். அன்றைக்காவது வாய் திறந்து சொல், மகன். முழுப்பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உன்னைப் பெற்ற
சிவநேசம் ஞானசுந்தரம்