இடது பக்கக் கிட்டார்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

ஸ்டுடியோவில் ஒரு ஆல்பத்துக்கு, குரலையும் வாத்தியங்களையும் இடம் வலமாக அளவாய்க் கலக்கும் மிக்ஸிங் வேலை செய்துகொண்டிருந்தேன். நாலு பையன்கள் சேர்ந்து வாசிக்கும் ராக் பாட்டுகள். அடியில் கம்ப்யூட்டர் இசை பனிமூட்டம்போல் மெல்லப் படர்ந்திருக்கும். எனக்கே பிடித்துப்போய் ராப்பகலாக உட்கார்ந்தேன். முடித்துப் போட்டுக் காட்டியதும் பாடகன் முழித்தான்.

“என்னண்ணே, கிட்டார் மொத்தமும் இடது பக்கமே கத்துது?”

எனக்குச் சரியாகத்தான் கேட்டது. இடது காது மந்தமானது தெரியாமல் அந்தப் பக்கத்துச் சத்தத்தையே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவைத்தேன்.

காதைச் சோதித்த டாக்டர், “போனது போனதுதான். இருக்கறதையாவது காப்பாத்திக்குங்க” என்றார். ஆல்பம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. எனக்கு இப்போது ஒயர் சுற்றி வைக்கிற வேலை. பயப்படாதே, வேலையை விட்டு அனுப்பவில்லை. என் அம்மாவிடம் மட்டும் சொல்லாதே.

போனில் இனி கொஞ்சம் உரக்கப் பேசு. முடிந்தால் நீயும் பாப்பாவும் பேசுவதைப் பதிவுசெய்து அனுப்பு. எதுவானாலும் சரி, என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. நிறைய அனுப்பு, தள்ளிப்போடாதே.

யாரோ கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. போய்ப் பார்க்கிறேன்.

உன் வீட்டுக்காரன்