பூண்டுக்குக் கூரை

வில்பட்டி
12.8.2024

மகன் செல்வமுருகனுக்கு அம்மா எழுதுவது.

போன வாரம் நம் வீட்டு வாசலில் நின்றவர்கள் நான், உன் பெண்டாட்டி ஜெயப்பிரியா, நர்ஸ் முருகேஸ்வரி, பூண்டு எடை போட வந்த அப்துல் சலாம் பாய். நடுவில் உன் மகள் ரோகிணி. குனிந்து வாந்தி எடுத்தாள். வாந்தியோடு சாண் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பூச்சி விழுந்து நெளிந்தது.

போனில் சொன்னால் "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

"பள்ளிக்கூடத்துல மாத்திரை குடுத்தோமே, திரும்ப எப்படி வந்துச்சு? வீட்ல கக்கூஸ் இல்லையா?" என்றாள் நர்ஸ்.

"இருக்குங்க" என்றாள் ஜெயப்பிரியா.

"பிள்ளை எங்க போறா?"

"கேரட் தோட்டத்துக்கு. கக்கூஸ்ல பூண்டு கெடக்குங்க."

பாய் தராசிலிருந்து மூட்டையை இறக்கிவிட்டார்.

"வெளிய போனா பூச்சி முட்டை மண்ணுலதான் கெடக்கும். அதே மண்ணுல கேரட்டைப் புடுங்கி, பாவாடையில தொடச்சுத் தின்னா மாத்திரை என்ன செய்யும்?" என்றாள் நர்ஸ்.

ஊர் முன்னால் தலை குனிந்தேன். கக்கூஸுக்குப் பூட்டு வாங்கி வந்தவன் நீ. மூன்று வருஷமாகப் பூண்டுக்குக் கூரை, உன் மகளுக்கு மழை. உன்னை மன்னிக்க மாட்டேன்.

அம்மா அன்னக்கொடி


திருப்பூர்
19.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ரோகிணி சாப்பிடுகிறாளா? வயிறு வற்றியதா?

பூட்டை வாங்கினது நான்தான். வாங்கச் சொன்னது யார்? கட்டி முடித்த அன்றைக்கு, "அடுப்படிச் சுவரை ஒட்டியா இதுக்குப் போறது? நான் இருக்குற வரைக்கும் ஒருத்தரும் உள்ள காலை வைக்கக் கூடாது" என்று முதல் மூட்டையை நீயே தூக்கி வைத்தாய். சாவி இன்னும் உன் சுருக்குப் பையில்தான் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முந்தின சண்டையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறாய். இது எப்படி மறந்ததும்மா?

உன் மகன்
செல்வமுருகன்


வில்பட்டி
26.8.2024

ஏலே செல்வமுருகா,

மறந்தேன் என்று எவன் சொன்னான்? உனக்கு எழுதும்போதே சாவி இடுப்பில் குத்திக்கொண்டுதான் இருந்தது.

உன் கடிதம் வந்த அன்றே பூட்டைத் திறந்தேன். பூண்டையெல்லாம் என் கட்டிலில் கொட்டிவிட்டேன். நான் தரையில் படுக்கிறேன். நேற்று வெள்ளனே ரோகிணி வாளியோடு உள்ளே போனாள். "அப்பத்தா, அங்கனயே நில்லு, போயிராத" என்றாள். நின்றேன். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டேன். பிறகு நானும் போனேன். அடுப்படி அப்படியேதான் இருக்கிறது.

உன்னை விட்டுவிட்டேன். நான் மன்னிக்காத ஆள் இனி ஒருத்திதான். பேரைக் கீழே போட்டிருக்கிறேன்.

அன்னக்கொடி