சாப்பிட வராத மீன்

உன் வெள்ளை எனாமல் பேசினை இன்று காலை பரணிலிருந்து இறக்கினேன். விளிம்பில் ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்திருக்கிறது. அது என் கைவேலை என்று நீ கடைசிவரை சொன்னாய். இல்லை என்று நானும் கடைசிவரை சொன்னேன். இப்போது அந்த வழக்கை நடத்த எதிர்த்தரப்பு இல்லை.

நல்ல மழை பெய்து கிணறு ஏறியிருக்கிறது. "தண்ணி ஏறினதும் போய்ப் பாருடி. சாப்பிட வராதவ யாருன்னு பாரு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாயே, அதற்காகத்தான் இறக்கினேன்.

நீ வேலூர்க் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று ஆரணிக்கே திரும்பி வந்த புதிது. கான்வென்ட்டில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளை நான் முதலில் அழைத்துப்போனது கிணற்றடிக்கு. சாயப்பட்டறை வைத்திருக்கும் வீடுகளில் வருகிறவர்களுக்குக் கிணற்று மீனைக் காட்டுவது எங்கள் தெரு வழக்கம். மீன் ஓடினால் தண்ணீர் நல்ல தண்ணீர். பெண் பார்க்க வந்தவர்கள், புடவை எடுக்க வந்த வியாபாரிகள் என்று எல்லோரையும் அங்கே நிறுத்திக் காட்டியிருக்கிறேன். என் கணவர் இறந்த பிறகு பட்டறையைத் தனியாக நடத்திய எனக்கு அந்த மீன்கள்தான் நற்சான்றிதழ்.

நீ எட்டிப் பார்த்தாய். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

"எல்லாம் பெருசா இருக்குதே. குஞ்சுங்க எங்கடி?"

"வருஷா வருஷம் ஆடியில ஏரி மீன்காரர்கிட்ட வாங்கி விட்டுடுவேன்" என்றேன், பெருமையாகவே.

"ஜிலேபி மீன வருஷா வருஷம் வாங்கி விடற ஒரே ஆளு நீதான். அத ஒரு குட்டையில விட்டா குட்டையே ரொம்பிடும். உன் கிணத்துல மட்டும் எல்லாம் சாமியாராப் போயிடுச்சா?"

பட்டறைக்குள்ளிருந்து சாய மாஸ்டர் முருகேசன் குரல் கொடுத்தார். "எங்க அம்மாவுக்கு பயந்துகினு கீதுங்க, டீச்சரம்மா!"

நீ படியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஆனால் உன்னை வழியனுப்பிவிட்டு மறுபடியும் கிணற்றடிக்குத்தான் போனேன். இத்தனை வருடம் அந்த மீன்களைப் பார்த்தவள், இல்லாததை ஒருநாளும் பார்க்கவில்லை.

கச்சாப் பட்டின் பசையை எடுக்க சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்கிறோம். அந்தத் தண்ணீரும் சாயத்தண்ணீரும் பட்டறைக்குப் பின்னால் ஒரு குழியில் இறங்கும். என் மாமனார் காலத்துக் குழி. உன் சந்தேகம் அதன்மேல். "கிணற்றுத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறதே, சாயம் எங்கே?" என்று கேட்டேன். சாயத்தை மண் பிடித்துவைத்துக்கொள்ளலாம், சோப்பில் கலக்கிற சில ரசாயனங்கள் கண்ணுக்குத் தெரியாமல் தாண்டி வந்துவிடும் என்றாய். "அதுல சிலது மீன் உடம்புக்குள்ள போயி ஹார்மோன் மாதிரி வேஷம் கட்டும். ஆண் மீனுக்குத் தான் ஆணுன்றதே மறந்துபோகும். சாகாது. நல்லாத் தின்னும், நல்லா ஓடும். பெருகாது, அவ்வளவுதான்."

"ப்ரூஃப் குடு" என்றேன்.

இரண்டு சிமெண்ட் தொட்டிகள் வைத்தாய். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் மழைத் தண்ணீர். ஒரே மீன்காரரிடம் வாங்கிய மீன், ஒரே தீனி. மழைத் தொட்டியில் ஆண் கறுத்து, வாலோரம் சிவந்து, அடியில் போட்டிருந்த மணலில் பள்ளம் பறித்தது. சில வாரங்களில் பெண் மீன் தீனிக்கு வரவில்லை. நோய் என்று நினைத்து நான் எடுத்துப்போடப் போனேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

"விடுடி! வாய்க்குள்ள முட்டைய வெச்சிகினு இருக்கறா. முழுங்கிடக் கூடாதுன்னு பட்டினி கிடக்கறா."

கிணற்றுத் தொட்டியில் ஆண் வெளிறியே கிடந்தது. பள்ளமும் இல்லை, பட்டினியும் இல்லை. எனக்கு அது போதவில்லை. அந்த மீன்களே மலடாக இருக்கலாமே? இரண்டையும் தொட்டி மாற்றிவிடு என்றேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "உன்ன எங்க டிபார்ட்மெண்ட்ல சேர்த்திருக்கணும்டி." நீ எனக்குத் தந்த பாராட்டு அது ஒன்றுதான்.

மாற்றினோம். மழைத் தண்ணீருக்குப் போனவை வெகுநாள் சும்மா இருந்தன. பிறகு அந்த ஆணும் கறுத்தது, பெண்ணும் பட்டினி கிடந்தது. கிணற்றுத் தண்ணீருக்கு வந்தவை பெருகுவதை நிறுத்திவிட்டன. நான்தான் முருகேசனைக் கூப்பிட்டுக் குழியை மூடச் சொன்னேன். கழிவு மண்ணில் இறங்காதபடி தொட்டி கட்டினோம். இப்போது லாரி வந்து சுத்திகரிக்க எடுத்துப்போகிறது. மழைத் தொட்டியில் பிறந்த குஞ்சுகளைக் கிணற்றில் விட்டு, "இனிமே ஒண்ணும் வாங்கி விடாத. இதுங்க பிள்ளை பெத்தா கிணறு பொழச்சுதுன்னு அர்த்தம்" என்றாய்.

குஞ்சின் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், வெள்ளையில் மொண்டால்தான் கண்கள் கறுப்புப் புள்ளியாகத் தெரியும் என்று இந்தப் பேசினை வாங்கி வந்தாய். கிணற்றிலேயே பிறந்த ஒரு குஞ்சை இதில் பார்க்க வேண்டும் என்பதுதான் உன் ஆசை. மொண்டு மொண்டு பார்த்தாய். வெறும் தண்ணீர்தான் வந்தது. விட்ட குஞ்சுகளும் வளர்ந்து பெரிதாயின. அதற்குள் நீ படுத்துவிட்டாய்.

இன்று ஒரு கைச் சோற்றைத் தூவினேன். மீன்கள் எல்லாம் முட்டிமோதிக்கொண்டு வந்தன. ஒன்று மட்டும் படிக்கட்டின் நிழலிலேயே நின்றது. தொண்டை உப்பி, வெற்றிலையை அடக்கிக்கொண்டவள் மாதிரி மெதுவாக வாயை அசைத்துக்கொண்டிருந்தது.

"அதுக்கு ஒடம்பு சரியில்ல போலக்கீதும்மா. எடுத்துப் போட்டுடட்டா?" என்றார் முருகேசன்.

அவர் கையைத் தட்டிவிட்டேன்.

முட்டை வேறு, குஞ்சு வேறு என்பாய். பொரியாமலே போகலாம். ஒப்புக்கொள்கிறேன், இன்னும் ப்ரூஃப் இல்லை. ஆனால் எந்தத் தண்ணீரைக் கண்டாலும், ஏரியோ ஆறோ, மீன் ஓடுகிறதா என்று நான் இப்போது பார்ப்பதில்லை. குஞ்சுகள் எங்கே என்றுதான் தேடுகிறேன்.

பேசினைத் தேய்த்துக் கழுவிப் படிமேல் வைத்திருக்கிறேன். சற்றுமுன் மீன்காரர் வாசலில் நின்று கேட்டார்: "இந்த ஆடிக்கும் வேணாமாம்மா? இருக்கறதுங்க கெழமாப் பூடுமே, அப்பறம் கெணறு காலியாப் பூடும்."

"பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன்.